ஊட்டிக் குளிரில் எலியின் காதைச் சோதிக்க எந்த மயக்க மருந்து?

ஊட்டியில் மருந்தியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். விஸ்டார் என்னும் ஆய்வுக்கூட இன எலிகளுக்கு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஊசியாகப் போட்டால் காது மந்தமாகும். ஒரு மூலிகைச் சாறு கொடுத்தால் அந்தக் கேடு குறைகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய ஆய்வு. கேட்கும் திறனை ஏபிஆர் (ஒலிக்கு மூளைத்தண்டு வரை எழும் மின் அலைகளின் பதிவு) எடுத்து அளக்கப் போகிறார். வழிகாட்டி கீட்டமின், சைலசீன் ஊசி போதும் என்கிறார். விலங்கு நெறிமுறைக் குழுவில் ஒருவர் ஐசோஃப்ளூரேன் வாயு கொடுக்கச் சொல்கிறார். இரண்டில் எது நல்லது என்பது கேள்வி.

கேட்ட விதம் அப்படி இருந்தாலும், அவருடைய உண்மையான கவலை வேறு என்று நினைக்கிறேன். சிஸ்பிளாட்டின் போட்ட ஏழாம் நாள் எலிக்குக் காது மந்தமாகத் தெரிந்தால், அது சிஸ்பிளாட்டின் வேலையா, மயக்க மருந்தின் வேலையா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். மருந்துத் தேர்வு அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். இருபது ஆண்டுக்கு மேல் ஆய்வுக்கூட விலங்குகளோடு இருந்திருக்கிறேன், அதில் பாதிக் காலம் காது சம்பந்தமான ஆய்வுகளில். இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். என் கை பழகியது எலி, சுண்டெலி, கினிப்பன்றி மூன்றோடுதான். பறவை, வௌவால், பூனை வைத்து ஆய்வு செய்பவர்கள் நான் சொல்லும் மருந்து அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஏபிஆர் என்பது காதில் ஒலி விழுந்த பத்து மில்லிசெகண்டுக்குள் செவி நரம்பிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் வரும் சிறிய மின் அலைகள். தோலுக்கடியில் குத்திய மூன்று மெல்லிய ஊசி எலெக்ட்ரோடுகள் வழியாக அதை எடுக்கிறோம்: உச்சந்தலையில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று, தொடைப் பக்கம் ஒன்று. அலை மிகச் சிறியது. ஐநூறு, ஆயிரம் தடவை ஒலி கொடுத்துச் சராசரி எடுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் எலி மீசையை ஆட்டினாலும் தசையின் மின்சாரம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். மயக்கம் தேவைப்படுவது அதனால்தான். நல்ல வேளையாக, ஏபிஆர் மயக்க மருந்துக்கு அவ்வளவு எளிதில் மசியாது. முதல் அலை செவி நரம்பில் பிறப்பதால் அது மிகவும் உறுதியாக நிற்கும். பிந்திய அலைகள் கொஞ்சம் தள்ளிப்போகும், கொஞ்சம் சிறுக்கும். மூளைக்குள் மேலே போகப் போகத்தான் ஆபத்து அதிகம். செவிப் புறணியில், அதாவது மூளையின் மேற்பரப்பில் ஒலியை உணரும் பகுதியில், பதிவு எடுப்பவர்களுக்கு மயக்கமே பெரிய தடை, ஏனென்றால் மயங்கிய புறணியும் விழித்திருக்கும் புறணியும் ஒன்றே அல்ல. அவர்கள் விலங்கைப் பல நாள் பழக்கி, விழித்த நிலையில் பதிவு செய்யத்தான் முயல வேண்டும். காதுக்கும் மூளைத்தண்டுக்கும் இடையில் நிற்கும் உங்கள் ஆய்வுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். காதுக்குள் சிஸ்பிளாட்டின் முதலில் தாக்குவது, உள்காதின் நத்தைச் சுருளான காக்ளியாவின் அடிச்சுற்றில் ஒலியைப் பெருக்கித் தரும் வெளி மயிர்ச்செல்களை. அடிச்சுற்று கேட்பது உச்ச அதிர்வெண்களை. 'கிளிக்' ஒலியை மட்டும் வைத்து ஏபிஆர் எடுத்தால், பாதி அழிந்த காதும் நல்ல காது போலத் தெரியலாம். 8, 16, 32 கிலோஹெர்ட்ஸ் என்று தனித்தனி ஒலிகள் கொடுத்துப் பாருங்கள். எலியின் காது 70, 80 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது. நம்முடையது 20-இல் நின்றுவிடும். முடிந்தால் டிபிஓஏஇ-யும் எடுங்கள். காது தானே எழுப்பும் ஒலியை 1978-இல் டேவிட் கெம்ப் கண்டு வெளியிட்டார், அதன் ஒரு வகைதான் இது. வெளி மயிர்ச்செல்லை நேராகத் தொட்டுப் பார்ப்பது போன்ற சோதனை. நரம்பும் மூளையும் இதில் குறுக்கே வருவதில்லை, ஆகவே மயக்க மருந்தின் தலையீடும் குறைவு. ஆனால் நடுக்காதின் அழுத்தம் மாறினால் இது உடனே கெட்டுப்போகும். அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, இரண்டு மருந்துகளுக்கு வருவோம். கீட்டமின், சைலசீன் கலவைதான் காது ஆய்வில் நெடுங்காலமாகப் புழங்குவது. எலிக்குக் கிலோவுக்கு கீட்டமின் 75 முதல் 100 மில்லிகிராம், சைலசீன் 5 முதல் 10 மில்லிகிராம், வயிற்றுக்குள் ஊசி. அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் கிடைக்கும். செலவு குறைவு, இயந்திரம் தேவையில்லை, ஒலிப்பெட்டிக்குள் குழாய் எதுவும் போகாது. வாயு சீறும் சத்தமும் இல்லை. குறைகளும் உண்டு. சைலசீன் இதயத் துடிப்பைக் குறைக்கும், இரத்தச் சர்க்கரையை ஏற்றும், சிறுநீரை அதிகம் போகவைக்கும். கண் திறந்தபடியே இருக்கும், களிம்பு போடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். மயக்கம் தெளிந்து வரும்போது மறுபடி ஊசி போட வேண்டுமானால் கீட்டமினை மட்டும், முதல் அளவில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். சைலசீனையும் சேர்த்துப் போட்டுத்தான் பல எலிகள் மேசையிலேயே போகின்றன. ஐசோஃப்ளூரேன் அப்படி இல்லை. 3, 4 சதவீதத்தில் மயக்கி, 1.5 சதவீதம் அளவில் வைத்திருந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அதே ஆழம். நிறுத்தினால் சில நிமிடத்தில் எழுந்து நடக்கும். ஆனால் இரத்த நாளங்களை விரித்து அழுத்தத்தை இறக்கும். மயக்கத் திரவத்தை ஆவியாக்கி அளந்து விடும் வேப்பரைசர், ஆக்சிஜன், வெளியேறும் வாயுவைப் பிடிக்கும் ஏற்பாடு, எல்லாம் வேண்டும்.

இனி ஐயத்துக்குரியது. ஐசோஃப்ளூரேனில் ஏபிஆர் வாசல் அளவு, அதாவது அலை தெரியத் தேவையான குறைந்தபட்ச ஒலி, கீட்டமினில் கிடைப்பதைவிட மேலே போகிறது என்று எலியில் செய்த ஒப்பீடுகள் சொல்கின்றன. நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் எத்தனை டெசிபல் என்று ஒரு எண்ணைச் சொல்லி அதை எல்லாக் கூடத்துக்கும் பொதுவாக்க முடியாது. எவ்வளவு ஆழமான மயக்கம், என்ன அதிர்வெண், எந்த இன எலி என்பதைப் பொறுத்து வித்தியாசம் மாறுகிறது. கீட்டமினில் எடுத்த அளவு 'உண்மையான' அளவு என்றும் நினைத்துவிடக் கூடாது, அதுவும் விழித்திருக்கும் எலியின் அளவு அல்ல. ஆகவே முதல் நாள் அளவை ஒரு மருந்திலும் ஏழாம் நாள் அளவை இன்னொரு மருந்திலும் எடுத்தால், அந்த ஆய்வைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கீட்டமின் தீர்ந்துபோனது, கட்டுப்பாட்டு மருந்து என்பதால் அனுமதி வரத் தாமதம், சரி இந்த வாரம் வாயுவில் எடுத்துவிடுவோம் என்று நல்ல மாணவர்களே செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிட ஆழமான பள்ளம் ஒன்று இருக்கிறது. நீங்கள் மருந்தியல் மாணவர் என்பதால் உடனே புரியும். பார்பிட்டுரேட் வகைத் தூக்க மருந்து கொடுத்து எலி எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று பார்க்கும் சோதனை உங்கள் பாடத்தில் இருக்கும். ஒரு மூலிகைச் சாறு அந்தத் தூக்கத்தை நீட்டினால், அது மூளையை அமைதிப்படுத்துகிறது அல்லது கல்லீரலின் நொதிகளைத் தடுக்கிறது என்று எழுதுவீர்கள். அதே சாறு கீட்டமினையும் நீட்டலாம், சுருக்கலாம். அப்புறம் சிஸ்பிளாட்டினின் முதல் பலி காது அல்ல, சிறுநீரகம். ஏழாம் நாள் சிஸ்பிளாட்டின் எலி எடை இழந்து, நீர் வற்றி, முதுகு கூனி உட்கார்ந்திருக்கும். அதன் உடலிலிருந்து ஊசி மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். சாதாரண எலிக்குப் போடும் அதே அளவு அதற்குக் கூடுதல் ஆழம், கூடுதல் நேரம், கூடுதல் குளிர்ச்சி. ஆக சாதாரண எலி, சிஸ்பிளாட்டின் மட்டும், சிஸ்பிளாட்டினோடு சாறு என்ற மூன்று குழுக்களுக்கும் ஒரே அளவு மயக்க மருந்து போட்டோம் என்று ஆய்வேட்டில் எழுதியிருப்பீர்கள், ஆனால் மூன்று குழுக்களும் மூன்று வேறு ஆழங்களில் கிடந்திருக்கும். அலை தாமதமானது காதினால்தானா என்று தேர்வாளர் கேட்டால் பதில் இருக்காது. ஐசோஃப்ளூரேன் ஏறக்குறைய முழுவதும் மூச்சு வழியாகவே வெளியேறுகிறது, கல்லீரல் தொடுவது மிகச் சொற்பம். சிறுநீரகம் கெட்ட எலிக்கும் நல்ல எலிக்கும் ஆழம் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு அதில்தான் அதிகம். உங்கள் ஆய்வுக்கு நான் வாயுப் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது விஷயம் குளிர். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மலையில் ஒரு கூடத்தில், டிசம்பர் மாதம், காலை ஏழரை மணி. வெளியே புல்வெளி முழுக்க உறைபனி. அறைக்குள் வெப்பமானி 11 டிகிரி காட்டியது. முதல் எலியை மயக்கி, வெப்ப அட்டை மேல் கிடத்தி, ஊசி குத்திப் பதிவு ஆரம்பித்தோம். ஏபிஆரின் ஐந்து அலைகளும் இருந்தன, ஆனால் எல்லாம் வலது பக்கம் தள்ளி, அதாவது தாமதமாக, நின்றன. முதல் அலைக்கும் கடைசி அலைக்கும் நடுவே இடைவெளி அகன்றிருந்தது. ஆய்வு மருந்து கொடுத்த எலி அது. மூளைத்தண்டிலேயே பாதிப்பு என்று எங்களுக்குள் ஒரு பரபரப்பு. என்னோடு வேலை பார்த்த உதவியாளர் அம்மா ஒருவர், பேசாமல் எலியின் வாலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "ஐஸ் மாதிரி இருக்குதுங்க சார்" என்றார். மலக்குடலில் வெப்பமானி வைத்தோம், 33 டிகிரி. அட்டையின் ஒயர் பின்பக்கம் கழன்றிருந்தது. சூடாக்கி 37-க்குக் கொண்டுவந்த பிறகு அதே காதில் அதே ஒலியைக் கொடுத்தோம். அலைகள் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கு நகர்ந்து வந்தன. அதற்கு முந்தைய இரண்டு வாரப் பதிவுகளையும் நாங்கள் பயன்படுத்தவில்லை. அட்டை எப்போது கழன்றது என்று யாருக்கும் தெரியாதே.

உடல் குளிர்ந்தால் நரம்பில் செய்தி மெதுவாக ஓடும், அலைகள் தாமதமாகும். குளிர்ந்த எலிக்கு அதே வாயு அளவு கூடுதல் ஆழமாகவும் வேலை செய்யும். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். எலியின் உடம்பு சிறியது, மயங்கினால் நடுக்கம் நின்றுவிடும், சில நிமிடங்களில் பல டிகிரி இறங்கிவிடும். சமவெளியில் மின்விசிறி சுற்றும் அறையிலேயே இது நடக்கிறது என்றால், ஊட்டியில் கேட்கவே வேண்டாம். மலக்குடல் வெப்பமானியோடு சேர்ந்து தானே கூட்டிக் குறைக்கும் வெப்ப அட்டை வாங்குங்கள். எலெக்ட்ரோடு அருகில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால், வெந்நீர் சுற்றும் அட்டை நல்லது. வீட்டில் எல்லோரும் வைத்திருக்கும் ரப்பர் வெந்நீர்ப் பை வேண்டாம். ஒரு பக்கம் சுடும், அரை மணியில் ஆறும், மயங்கிய எலி சுட்டால் நகராது. எலியை எழுப்பி கூண்டுக்குள் விட்ட பிறகும், நன்றாக நடமாடும் வரை வெதுவெதுப்பில் வையுங்கள். குளிரில் தெளியாமல் கிடக்கும் எலியைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பாவம் என்று தெரியும்.

மூன்றாவது உயரம். சமவெளியில் வேலை செய்பவர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் 760-க்குப் பதிலாக 580 மில்லிமீட்டர் பாதரசம் அளவில்தான் இருக்கும். காற்றில் ஆக்சிஜன் இங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் அழுத்தம் குறைந்ததால் அது சமவெளியில் 16 சதவீதம் சுவாசிப்பதற்குச் சமம். விழித்திருக்கும் எலி சமாளித்துவிடும். கீட்டமின், சைலசீனில் மூச்சு தணிந்து கிடக்கும் எலிக்கு அந்தக் கையிருப்பு இல்லை. காக்ளியாவோ ஆக்சிஜனை நம்பியே நிற்கும் உறுப்பு. அதன் உள்திரவத்தில் உள்ள 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் ஆக்சிஜன் கடுமையாகக் குறைந்தால் சரிந்துவிடும். ஆகவே ஊசி மயக்கமே போட்டாலும் மூக்கருகில் சிறு முகமூடியில் ஆக்சிஜன் விடுங்கள். ஒரு ஒப்பீட்டில் ஊசிக் குழு அறைக் காற்றிலும் வாயுக் குழு முழு ஆக்சிஜனிலும் இருந்தால், நீங்கள் ஒப்பிடுவது இரண்டு மயக்க மருந்துகளை மட்டும் அல்ல.

வேப்பரைசர் பற்றிப் பயப்பட வேண்டாம். வழக்கமான ஐசோஃப்ளூரேன் வேப்பரைசரை இங்கே 1.5-இல் வைத்தால், வெளியே வரும் வாயுவின் சதவீதம் அதைவிடக் கூடுதலாக இருக்கும், வாயு அளப்பானிலும் அப்படித்தான் தெரியும். ஆனால் மயக்கத்தைத் தீர்மானிப்பது அதன் பகுதி அழுத்தம், அது ஏறக்குறைய மாறாது. எண்ணைப் பார்த்துக் குறைத்துவிடாதீர்கள், எலியைப் பாருங்கள்: பாதத்தைக் கிள்ளினால் இழுக்கக் கூடாது, மூச்சு சீராக இருக்க வேண்டும். ஆனால் அறை குளிர்ந்திருந்தால் கதை வேறு. பெரும்பாலான வேப்பரைசர்கள் 15 டிகிரிக்குக் கீழே சரியாக ஈடு செய்வதில்லை, வாயு குறைவாக வரும். அறையைச் சூடாக்கி அரை மணி கழித்து ஆரம்பியுங்கள். வேப்பரைசர் இல்லாத கூடங்களில் மூடிய ஜாடியில் பஞ்சை நனைத்துப் போடும் பழக்கம் இருக்கிறது. 20 டிகிரியில் அந்த ஜாடிக்குள் ஐசோஃப்ளூரேன் 40 சதவீதம் வரை சேரலாம். எலியைக் கொல்ல அது தாராளமாகப் போதும். காது அளவு எடுக்க அந்த முறையை யாரும் யோசிக்கவே கூடாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு தாண்டி ஏறும்போது காது அடைக்கிறதே, எச்சில் விழுங்கினால் 'பொட்' என்று திறக்கிறதே, நடுக்காதைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை. மயங்கிய விலங்கு விழுங்குவதில்லை. நடுக்காதுக்குள் இருக்கும் காற்றைச் சுற்றியுள்ள திசு மெல்ல உறிஞ்சிக்கொள்ளும், நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழாய் திறந்து அதை ஈடு செய்யாது. பதிவு நீண்டுகொண்டே போனால் செவிப்பறை உள்ளே இழுபட்டு, மந்தம் தானாகவே ஏறும். டிபிஓஏஇ-யில் இது முதலில் தெரியும். ஆகவே ஒவ்வொரு எலியிலும் அதிர்வெண்களை ஒரே வரிசையில் எடுக்காமல் மாற்றி மாற்றி எடுங்கள், அரை மணிக்குள் முடியுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு கலக்கவே கலக்காதீர்கள், அது நடுக்காதுக்குள் புகுந்து அழுத்தத்தை எதிர்ப்பக்கம் ஏற்றிவிடும். சமவெளியிலிருந்து வண்டியில் வந்த எலிகளை ஒரு வாரமாவது ஓய்வில் விட்டு, ஆட்டோஸ்கோப்பில் செவிப்பறையைப் பார்த்த பிறகே சேருங்கள். மழைக்கால மூச்சு நோயோடு வரும் எலிகளுக்கு நடுக்காதில் சீழ் இருப்பது சாதாரணம்.

காது ஆய்வில் கைப்பழக்கத்தில் போட்டுவிடக் கூடாத மருந்துகள் சில உண்டு. காயத்துக்கு ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் வேண்டாம், அதுவே மயிர்ச்செல்லைக் கொல்லும். சிஸ்பிளாட்டினிலிருந்து சிறுநீரகத்தைக் காக்கிறேன் என்று ஃப்யூரோசமைடு என்ற சிறுநீர் பெருக்கி மருந்தைக் கொடுப்பது அதைவிட மோசம், அது காதின் மின்னழுத்தத்தை இறக்கி சிஸ்பிளாட்டினுக்குக் கதவைத் திறந்துவிடும். நீர்ச்சத்துக்கு வெதுவெதுப்பான உப்புநீரைத் தோலுக்கடியில் கொடுங்கள், எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு. வலிக்கு ஆஸ்பிரின் தவிருங்கள், அதிக அளவில் அது வெளி மயிர்ச்செல்லைத் தொந்தரவு செய்யும். யூரித்தேன் என்ற மயக்க மருந்து மணிக்கணக்கில் நிலையாக நிற்கும், ஆனால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். மறுபடி எழுப்பாத விலங்குக்கு மட்டும்தான் அது. ஏழாம் நாள் மறுபடி அளக்க வேண்டிய உங்கள் ஆய்வில் அதற்கு இடமே இல்லை.

சிஸ்பிளாட்டினுக்குப் பதில் சத்தம் கொடுத்துக் காதைக் கெடுக்கும் ஆய்வாக இருந்தால், மயக்கத்தில் வைத்து சத்தம் கொடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்லியிருப்பேன். ஐசோஃப்ளூரேனும் குளிர்ந்த உடலும் சத்தத்தின் சேதத்தைக் குறைக்கும் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. கீட்டமினுக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, ஏனென்றால் மயிர்ச்செல்லிலிருந்து நரம்புக்குச் செய்தி எடுத்துப் போகும் குளூட்டமேட்டின் ஒரு வாங்கியை அது அடைக்கிறது. சாறு காப்பாற்றியது என்று எழுதுவோம், காப்பாற்றியது மயக்க மருந்தாக இருக்கும். அதனால் உங்கள் ஆய்விலும் சிஸ்பிளாட்டின் போடும் நாளையும் ஏபிஆர் எடுக்கும் நாளையும் பிரித்து வையுங்கள்.

ஆக என் யோசனை: கல்லூரியில் ஒழுங்கான வேப்பரைசரும் ஆக்சிஜனும் இருந்தால் ஐசோஃப்ளூரேன். முதல் நாள் முதல் கடைசி நாள் வரை அதே மருந்து, அதே எண், அதே நேர அளவு. இல்லாவிட்டால் கீட்டமின், சைலசீனும் மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு எலிக்கும் ஊசி போட்ட நேரம், பதிவு தொடங்கிய நேரம், உடல் வெப்பம், எழுந்த நேரம் நான்கையும் குறித்து வையுங்கள். சிஸ்பிளாட்டின் எலிகள் தாமதமாக எழுகின்றன என்று அந்தப் பட்டியலே சொல்லும். வாசல் அளவைக் குறிப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. 2022-இல் குழந்தைகளுக்கு சிஸ்பிளாட்டினால் வரும் காதுகேளாமையைக் குறைக்க அமெரிக்காவில் சோடியம் தயோசல்பேட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. இந்தத் துறையில் வரும் ஒவ்வொரு நல்ல எண்ணும் ஏதோ ஒரு குழந்தையின் காதுவரை போகக்கூடும், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

சிஸ்பிளாட்டின் பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். எந்த மருந்தும் கொடுக்காத நான்கு எலிகளை எடுத்து, நீங்கள் தேர்ந்த மயக்கத்தில், இரண்டு நாள் இடைவெளியில் மூன்று தடவை ஏபிஆர் எடுங்கள். ஒரே எலியின் ஒரே காதில் மூன்று தடவையும் வரும் எண்கள் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். அந்த விலகல் பத்து டெசிபல் என்றால், உங்கள் மூலிகைச் சாறு எட்டு டெசிபல் காப்பாற்றியதாக நீங்கள் எழுத முடியாது. விலகல் பெரிதாக இருந்தால், முதலில் வெப்ப அட்டையின் ஒயரைத் தொட்டுப் பாருங்கள்.